சிவப்புப் புள்ளி வைத்த மூடிகள்

சென்ற ஆண்டு கோடை விடுமுறையின்போது, முகப்பேரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் நடந்தது இது. எங்கள் பிளாக்கில் தரைத்தளத்தையும் சேர்த்து நான்கு தளம். தளத்துக்கு நான்கு வீடு, ஆக மொத்தம் பதினாறு. எங்களுடையது முதல் தளம், படியேறியதும் இடது பக்கம்.

ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். போல்ட், நட், வாஷர் என்று ஆயுள் முழுக்க எண்ணியே கழித்தவன். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்குமா? மாதம் பிறந்தால் வீட்டில் இருப்புச் சரிபார்ப்பு நடக்கும். டம்ளர், கரண்டி, துணி மாட்டும் கிளிப், திரைச்சீலை வளையம், பரணில் இருக்கும் காலி டப்பா, தண்ணீர் பாட்டில் மூடி என்று எல்லாவற்றுக்கும் என் மனதில் ஒரு எண்ணிக்கை உண்டு. எதையும் தூக்கிப் போடுவதில்லை. ஃபிரிட்ஜ் வாங்கியபோது வந்த பெரிய அட்டைப்பெட்டி கூடப் பரணில் பத்திரமாக இருந்தது. ஃபிரிட்ஜே ஒரு முறை மாறிவிட்டது, பெட்டி மாறவில்லை. "கடைசியில என்னை அந்தப் பெட்டியில வச்சுத்தான் அனுப்பப் போறீங்க" என்பாள் என் மனைவி.

அந்த ஏப்ரலில் எங்களுக்கு நேர் கீழே இருக்கும் வீட்டுக்கு ஒரு குடும்பம் குடிவந்தது. கணவன், மனைவி, ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை. அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் இரவு ஷிப்ட். அவர் மனைவிக்கு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் பகல் வேலை. எங்கள் பின்தெருப் பள்ளியில் குழந்தைக்கு இடம் கிடைத்துவிட்டது. அவள் நடந்தே போய்வரும் தூரத்தில் வீடு வேண்டும் என்று அலையாய் அலைந்து இதைப் பிடித்தார்களாம். வீட்டின் சொந்தக்காரர் கோயம்புத்தூரில் இருக்கிறார். இங்கே அவருடைய கண்ணும் காதும் நான்தான். "சார், நீங்க சரின்னா சரி" என்று சொல்லிச் சாவியையும் என்னிடமே கொடுத்து வைத்திருந்தார். அதனால் புதுக்குடித்தனக்காரர் கையில் சாவியைக் கொடுத்தவன் நான்தான். கொடுக்கும்போதே மனதுக்குள் ஒரு முள் குத்தியது.

என்ன முள் என்று கேட்டால் அப்போது சொல்லத் தெரிந்திருக்காது. ஒற்றைக் காதில் கடுக்கன், முழங்கையில் பச்சை குத்திய ஒரு மீன். எல்லா ஆண்களும் வேலைக்குப் போய்விட்ட பகல் நேரத்தில் லுங்கியோடு வாசலில் உட்கார்ந்திருப்பவர். இத்தனைக்கும் மேல், பள்ளி விடுமுறை விட்டதும் பிளாக்கில் உள்ள பிள்ளைகளையெல்லாம் வண்டி நிறுத்தும் இடத்தில் கூட்டி உட்கார வைத்துக்கொண்டு ஏதோ செய்ய ஆரம்பித்தார். சொந்த வேலையையே பார்க்க நேரமில்லாத காலத்தில் ஊரார் பிள்ளைகளை இவர் எதற்குக் கூட்டுகிறார்?

மாடி வராந்தாவிலிருந்து பார்த்தேன். பிள்ளைகள் பதினொரு பேர். எல்லாருக்கும் ஒரு கண்ணை மறைத்துக் கறுப்புத் துணி. ஒரு பையன் அட்டையில் வெட்டிய கத்தியை இடுப்பில் செருகியிருந்தான். இன்னொருத்தி காலண்டர் அட்டையைச் சுருட்டிக் குழாயாக்கி என்னையே குறிபார்த்தாள்.

"என்ன விளையாட்டு இது?" என்று மேலிருந்தே கேட்டேன்.

"கடல் கொள்ளைக்காரங்க தாத்தா! கப்பல் வந்ததும் எல்லாத்தையும் கொள்ளையடிச்சிருவோம்!"

கீழே உட்கார்ந்து அட்டை வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து சிரித்தார். "இன்னா சார், வெய்யில்ல நின்னுகினு கீறீங்க? எறங்கி வாங்க, உங்களுக்கும் ஒரு கண்ண மறைச்சி உட்றேன்."

நான் சிரிக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகளைப் பழக்கி வைத்து, எந்த வீட்டில் யார் எப்போது இருக்கிறார்கள் என்று வேவு பார்த்து, கதவில் குறி போட்டுவிட்டுப் போகிற கும்பல் ஒன்று நடமாடுகிறது என்று. உண்மையா பொய்யா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நான் அதை ஒன்றுக்கு இரண்டு முறை படித்துவிட்டுத்தான் அடுத்தவர்களுக்கு அனுப்பினேன்.

மே மாதம் பிறந்தது. இருப்புச் சரிபார்ப்பில் திரைச்சீலை வளையங்கள் ஆறு குறைந்தன. அடுத்து, கம்பி உடைந்து மூலையில் கிடந்த கறுப்புக் குடையில் கம்பி இருந்தது, துணி இல்லை. பாட்டில் மூடிகள் டப்பாவில் பாதிக்கு மேல் காலி.

மனைவியிடம் கேட்டேன். "எலி தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றாள்.

"எலி குடைத்துணியை எதுக்குத் தூக்குது?"

"மழைக்காலம் வரப்போகுதுல்ல?"

அவள் இதையெல்லாம் எப்போதும் விளையாட்டாகவே எடுத்துக்கொள்வாள். எனக்கோ சாப்பாடு இறங்கவில்லை. போன பொருள்களின் மதிப்பு பெரிதில்லை. ஆனால் பூட்டிய வீட்டுக்குள் இருந்து பொருள் போகிறது என்றால் யாரோ உள்ளே வந்து போகிறார்கள் என்றுதானே அர்த்தம்? இன்று வளையம், நாளைக்கு?

எங்கள் ஸ்டோர்ஸில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சாமான் கணக்கில் இல்லாமல் வெளியே போகிறது என்று சந்தேகம் வந்தால், மீதமுள்ளவற்றின் அடியில் யாருக்கும் தெரியாமல் பெயிண்டால் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிடுவோம். பிறகு அது எங்கே தலைகாட்டுகிறது என்று காத்திருப்போம். எத்தனையோ பேர் இதில் மாட்டியிருக்கிறார்கள். கிரில் கதவுக்கு அடித்ததில் மிஞ்சிய சிவப்புப் பெயிண்ட் என்னிடம் இருந்தது. மனைவி காய்கறி வாங்கப் போயிருந்த ஒரு காலையில், தீக்குச்சி முனையில் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு மூடியின் உள்பக்கமும் புள்ளி வைத்தேன். மிச்சமிருந்த வளையங்களுக்கும், காலி டப்பாக்களுக்கும் வைத்தேன். அந்த வேலையைச் செய்தபோது, உண்மையைச் சொன்னால், பல வருடங்களுக்குப் பிறகு எனக்கு உற்சாகமாக இருந்தது.

புள்ளி வைத்த மூடிகளும் குறைய ஆரம்பித்தன.

அதற்குப் பிறகு நான் கீழ்வீட்டுக்காரரைப் பார்த்த பார்வையே வேறு. படியில் எதிர்ப்பட்டால் நின்று வழிவிட்டு, அவர் கையில் என்ன இருக்கிறது என்று கவனிப்பேன். ஒரு நாள் பழைய ஹேங்கர் கம்பியும் பிளாஸ்டிக் டம்ளரும் வைத்திருந்தார். "என்ன இது?" என்றேன்.

"கொக்கி சார். கை போன கொள்ளக்காரன் மாட்டிப்பான் பாருங்க, அது. டம்ளர் அடியில ஓட்ட போட்டு கம்பிய வளைச்சி சொருவிட்டா கை ரெடி."

"கொக்கி" என்றதும் என் மனம் ஜன்னல் கம்பி வழியாகக் கொக்கி விட்டுச் சாவி எடுக்கும் திருடர்களிடம் போயிற்று. ஜன்னலுக்குப் பக்கத்தில் தொங்கிய சாவிக்கொத்தை அன்றே பூஜை அலமாரிக்கு மாற்றினேன்.

எல்லாவற்றுக்கும் முத்தாய்ப்பாக ஒரு வெள்ளிக்கிழமை மாலை, எங்கள் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு காகிதம் கிடந்தது. பழுப்பேறி, ஓரமெல்லாம் கருகியிருந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். எங்கள் பிளாக்கின் வரைபடம்! படிக்கட்டு, வாட்டர் டேங்க், வீடுகள் எல்லாம் இருந்தன. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாய் வரைந்து "கடிக்காது" என்று எழுதியிருந்தது. மாடிப்படி மூலையில் "கேமரா – வேலை செய்யாது". முதல் தளத்தில் ஒரு வீட்டுக்குள் கட்டில் போட்டுப் படுத்திருக்கும் ஓர் உருவம். "தாத்தா மத்தியானம் தூங்குவார்." அந்த வீட்டின் மேல், மின்கம்பத்து அபாயப் பலகையில் இருக்குமே, அதே மண்டை ஓடும் இரண்டு எலும்பும். பக்கத்தில் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.

அது என் வீடு.

எழுத்து குழந்தையின் எழுத்துத்தான். ஆனால் எழுதச் சொன்னது யார்? மனைவியிடம் காட்டவில்லை, பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். நேரே மொட்டை மாடிக்குப் போய்க் கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். வீட்டுக்காரர் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "உங்க வார்த்தை போதும் சார். இந்த மாசத்தோட காலி பண்ணச் சொல்லிடறேன்" என்றார். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது போலிருந்தது. அத்தோடு விட்டேனா? சங்கச் செயலாளரிடமும் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரையும் கீழே கூட வைத்தேன்.

வண்டி நிறுத்தும் இடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பதினாறில் பன்னிரண்டு வீட்டிலிருந்து ஆள் வந்திருந்தது. கீழ்வீட்டுக்காரர் இரவு வேலை முடித்து வந்த சட்டையோடு, கண் சிவந்து, தூணில் சாய்ந்து நின்றார். அவர் மனைவி கதவருகே. நான் வரைபடத்தை மேசை மேல் விரித்துவிட்டு, அவர்கள் வாசலில் இருந்த செருப்புப்பெட்டி ஒன்றை எடுத்துவரச் சொன்னேன். தங்கக் காகிதம் ஒட்டி, பிள்ளைகள் 'புதையல்' என்று எழுதிய பெட்டி. அதை மேசை மேல் கவிழ்த்தேன். வளையங்கள், ஜிகினாத்தாள் சுற்றிய மூடிகள் எல்லாம் கொட்டின. ஒரு மூடியை எடுத்து ஜிகினாவை உரித்து உள்பக்கத்தைத் திருப்பி எல்லாருக்கும் காட்டினேன். சிவப்புப் புள்ளி. இன்னொன்று. அதிலும் புள்ளி.

"இது என் வீட்டுச் சாமான். அடையாளம் வைத்தவன் நான். இது இங்கே எப்படி வந்தது என்று இவர் சொல்லட்டும்" என்றேன். மீட்டிங்கில் பேசுகிறவன் மாதிரி, எழுத்துத் தமிழிலேயே வந்தது எனக்கு.

அவர் பதில் சொல்வதற்குள் அவருடைய மகள் ஓடி வந்து என் கையிலிருந்த மூடியைப் பிடுங்கினாள். "தாத்தா! ஏன் பிச்சீங்க? அது தங்கக் காசு! நீங்கதான புள்ளி வெச்சி குட்த்து அனுப்புவீங்க? புள்ளி வெச்சதுதான் அசல். வெக்காதது டூப்பு."

"நான் குடுத்து அனுப்பினேனா? யார் சொன்னது?"

"பாட்டி குடுப்பாங்களே, அதுல புள்ளி இருக்குமே!"

எனக்குப் பின்னால் படியில் என் மனைவி இறங்கி வந்துகொண்டிருந்தாள். கையில் மாவு. "நான்தாங்க குடுத்தேன். குடைத்துணி, வளையம், மூடி எல்லாம். நீங்க தூங்கறப்ப பிள்ளைங்க வந்து கதவுகிட்ட நிக்கும், குடுப்பேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா குடுப்பீங்களா? நீங்க எண்ணி முடிக்கறதுக்குள்ள லீவு முடிஞ்சிரும்."

பன்னிரண்டு வீடும் சிரித்தது. செயலாளர் மட்டும் வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு, "அது சரி, நான் மாட்டின கேமரா வேலை செய்யலன்னு இதுல யார் எழுதினது?" என்றார். அவருடைய மகனே கையைத் தூக்கினான். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று.

பெருக்கல் குறி எதற்கு என்று குழந்தையைக் கேட்டேன். "உங்கூட்டு பரண் மேல பெரிய பெட்டி கீதுன்னு பாட்டி சொன்னாங்க. அத்த வெச்சிதான் கப்பல் கட்டணும். அதான் புதையல். உங்கள கேக்க பயமா இருந்துச்சி. அதான் தூங்கும்போது பாட்டிகிட்ட வாங்கிக்கலாம்னு வழி போட்டோம்." காகிதம் பழுப்பேறியது டீத்தண்ணியில் நனைத்ததால். ஓரம் கருகியது ஊதுவத்தியால்.

எல்லாரும் சிரித்தார்கள் என்றேன். தூணில் சாய்ந்திருந்தவர் சிரிக்கவில்லை.

"ஓனர் நேத்தே போன் பண்ட்டாரு சார், காலி பண்ணுன்னு. ஏன்னு கேட்டதுக்கு மேலூட்டு சார கேளுன்னாரு. உங்கள எப்டி கேக்கறதுன்னு நைட்டு பூரா மிசின் முன்னாடி நின்னு யோசிச்சிகினு இருந்தேன். இப்பதான் புரியுது."

அதே இடத்தில், எல்லார் முன்னிலையிலும், கோயம்புத்தூருக்கு மறுபடி போன் போட்டேன். எண்ணிக்கையில் தப்பு என்னுடையது, இவர்கள்மேல் குற்றமில்லை, இருக்கட்டும் என்றேன். வீட்டுக்காரர் அப்போதும் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "அப்படியா? சரி சார், நீங்க சொன்னா இருக்கட்டும்" என்று வைத்துவிட்டார்.

பிரச்சினை தீர்ந்தது என்று நான் மூச்சு விட்டபோதுதான் கதவருகே நின்ற அந்தப் பெண் முதன்முதலாக வாயைத் திறந்தார்.

"இவரு சொன்னா போவணும், இவரு சொன்னா இருக்கணும். நாளைக்கு ஒரு கரண்டி காணாம பூட்டா? வேணாங்க. நாம போயிர்லாம்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். என் மனைவி போய்க் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். செயலாளர் பேசினார். நானும் இரண்டு முறை போய்ச் சொன்னேன். அவர்கள் அம்பத்தூர்ப் பக்கம் மேனாம்பேட்டில் ஒரு வீடு பார்த்துவிட்டார்கள்.

பரணிலிருந்து அட்டைப்பெட்டியை நானே இறக்கிக் கீழே எடுத்துப்போனேன். "வெச்சிட்டு போங்க சார்" என்றார் அவர். அவ்வளவுதான். கண்ணை மறைத்து விடுகிறேன், இறங்கி வாருங்கள் என்று கூப்பிட்ட குரல் இல்லை அது. ஆனால் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டாராம். கிளம்புவதற்குள் கப்பலை முடித்தார். ஒட்டடைக்கோல் பாய்மரம். என் பழைய வேட்டி பாய். பெட்டியின் பக்கவாட்டில் டப்பா மூடிகளால் வட்ட ஜன்னல்கள். நான் வராந்தாவில் நின்று பார்த்தேன், ஒரு பக்கத்துக்கு ஏழு. சாமான்களை ஏற்றிக்கொண்டு குட்டியானை வண்டி புறப்பட்டபோது கப்பலுக்கு அதில் இடமில்லை. அது எங்கள் மாடிப்படிக்கு அடியிலேயே நின்றுவிட்டது.

பள்ளி திறந்ததும் அவரைத் தினமும் பார்க்க நேர்ந்தது. நான் பால் வாங்கிக்கொண்டு வரும் நேரம். ராத்திரி வேலை முடித்து, மேனாம்பேடு போய், மகளைப் பைக்கில் உட்காரவைத்துப் பள்ளிக்குக் கொண்டுவருவார். திரும்பிப் போய்த்தான் தூக்கம். நடந்தே போகட்டும் என்று தேடிப் பிடித்த பள்ளி. சிவந்த கண்ணோடு அவர் வண்டியைத் திருப்புவதைப் பார்க்கும்போதெல்லாம், நான் பால் பாக்கெட்டுகளைப் பார்த்துக்கொண்டு நடப்பேன்.

இரண்டு மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதற்குள் சேர்ந்திருந்த மூடிகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மேனாம்பேட்டுக்குக் கிளம்பினேன். மனைவி கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். சந்துக்குள் சின்ன வீடு. அவர்தான் கதவைத் திறந்தார். ஒரு கணம் பார்த்துவிட்டு, "வாங்க சார், உள்ள வாங்க" என்றார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் வரும்போது கோத்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை.

அதற்குள் குழந்தை பையைத் தரையில் கவிழ்த்துவிட்டாள். ஒரு மூடியைத் திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றைத் திருப்பினாள். முகம் சுருங்கியது.

"தாத்தா, இதுல புள்ளியே இல்லியே?"

"இல்லம்மா. இப்பல்லாம் வைக்கறதில்ல."

"அப்ப இதெல்லாம் டூப்பா?" என்றவள் உள்ளே ஓடிப்போய் ஒரு சிவப்பு ஸ்கெட்ச் பேனா கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "நீங்களே வெச்சி குடுங்க. நீங்க வெச்சாதான் தங்கம்."

நிமிர்ந்து பார்த்தேன். அவர் கதவு நிலையில் டீ டம்ளரோடு நின்றிருந்தார். அந்தப் புள்ளி எதற்காக வைக்கப்பட்டது என்று அவருக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை, எல்லார் முன்னாலும், அவருக்குத் தெரியும்படி நான்தான் சொன்னேன். மகளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. "வெச்சி குடுங்க சார்" என்றார். "இல்லன்னா உடமாட்டா."

தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு மூடிக்கும் புள்ளி வைத்தேன். எத்தனை மூடி என்று எண்ணவில்லை. எண்ணாமல் நான் செய்த வேலை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இப்போதும் மாதம் ஒரு முறை மூடிகளை எடுத்துக்கொண்டு போகிறேன். கதவைப் பூட்டினோமா, கேஸை மூடினோமா என்று எனக்கு இருக்கும் ஆயிரம் கவலைகளில் இப்போது முதல் கவலை ஒன்று உண்டு. திருடனைப் பிடிக்க நான் வைத்த குறியை ஒரு குழந்தை தங்கம் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. விவரம் தெரிந்த ஒரு நாள் அவள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும்போது, அவள் அப்பா இத்தனை நாள் கட்டிக் காப்பாற்றிய அந்த நம்பிக்கைக்கு நான் கொஞ்சமாவது தகுதி உள்ளவனாக ஆகியிருக்க வேண்டுமே என்பதுதான் அது.